நான் காலையில் மட்டும் சோதித்த வண்டி

மீட்டர் பிடிக்க நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெக்கானிக் கோர்ஸ் படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த ஒயரை எங்கே தொட வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் மீட்டர் பூஜ்யம் காட்டும்போது வாயைத் திறந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பது எந்தப் படிப்பிலும் வராது. ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிராக்டர் கதை எழுதுங்கள், வெள்ளம் வந்த கதை எழுதுங்கள் என்றுதான் கம்பெனியில் கேட்டார்கள்.

பீடோங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒர்க்‌ஷாப் ஃபோர்மனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். டிராக்டர், லாரி, ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு எல்லாம் என் பொறுப்பு. ஏடிவி என்கிற நாலு சக்கர மோட்டார் சைக்கிள் எங்கள் தோட்டத்துக்குக் கடைசி சில வருஷங்களில்தான் வந்தது. அதை ஓட்டியவர் பரமேஸ்வரி. வெளிக்காட்டு சூப்பர்வைசர். குலை வெட்டும் ஆட்களோடு காலையில் ஏறிப்போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் இறங்கி வருவார். வண்டியை உரக் கிடங்குக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த வண்டி காலையில் செத்துக் கிடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் கிளம்பும், மறுநாள் கிளம்பாது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியர் போட்டுத் தள்ளிக் கிளப்பவும் முடியாது, பெல்ட்டில் ஓடுகிற வண்டி. உதைத்துக் கிளப்ப மிதியும் இல்லை. பேட்டரி போனால் அது வெறும் இரும்பு.

ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்து, வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிப் பார்ப்பேன். சார்ஜ் சரியாக ஏறும். சாவியை அணைத்துவிட்டு எங்காவது கரண்ட் ஒழுகுகிறதா என்று மீட்டர் வைப்பேன். ஒழுகாது. பூஜ்யம். ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன், சுவிட்சுகளை மாற்றினேன். எல்லாமே சரியாக இருந்தன. வண்டி மட்டும் செத்துக்கொண்டே இருந்தது.

வண்டியில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கண் மனிதர்கள் பக்கம் போகும். இதை உங்களுக்கு எச்சரிக்கையாகவே சொல்கிறேன். நமக்கே தெரியாமல் போகும்.

முதலில் ஹமீது பாயைச் சந்தேகப்பட்டேன். பீடோங்கில் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் சாமான் கொடுக்கிறார். புது பேட்டரி என்று சொல்லி, கடையில் நாள்பட்டுக் கிடந்ததைத் தள்ளிவிட்டாரோ என்று நினைத்தேன். அவரிடம் மாற்றி வாங்கின இரண்டாவது பேட்டரியும் செத்ததும் அதைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

அவர் அதைச் சார்ஜ் போட்டு, மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரி கம்பீரமாக நின்றது.

"அண்ணே, இது கெட்டுப்போனது இல்ல. பட்டினி கெடந்தது. நீங்க அங்க சோறு போடல, அவ்வளவுதான்," என்றார்.

"சார்ஜ் நல்லா ஏறுது பாய். நான் மீட்டர்ல பாத்தேன்."

"அப்ப என் சாமான் மேல சந்தேகம்னா தாராளமா மாத்தித் தர்றேன். என் மேல சந்தேகம்னா அத மட்டும் நேரா சொல்லிடுங்க."

நான் நேராகச் சொல்லவில்லை. புது பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்ன பட்டினி என்ற வார்த்தையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது முழுக் கதையையும் சொல்லிவிட்ட வார்த்தை. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அடுத்து பரமேஸ்வரி. சாவியைத் திறந்தபடி விட்டுவிடுகிறாரோ, விளக்கை அணைக்க மறக்கிறாரோ என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். நான் அப்படி நினைத்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும், மறைக்க விரும்பவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொன்னார்.

"அண்ணே, வீட்ட விட்டுக் கெளம்புறப்ப கேஸ் அடுப்ப மூனு தடவ திரும்பிப் பாக்குற ஆளு நான். சாவிய விட்டுட்டு வருவேனா? வேற யாராவது தொடுறாங்களான்னு பாருங்க லா."

வேற யாராவது. அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு ஆள். ஜாகா குணசேகரன். நாங்கள் காவலாளியை ஜாகா என்றுதான் சொல்வோம். குணா முன்பு குலை வெட்டுகிறவனாக இருந்தவன். மரத்தடியில் வழுக்கி விழுந்து தோள்பட்டை நழுவியதிலிருந்து காவல் வேலை. அதிகம் பேச மாட்டான். பரமேஸ்வரியின் பதவிக்கு அவன் தம்பியும் மனுப் போட்டிருந்தான் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டியின் முன்பக்கம் ஒரு சின்ன சார்ஜ் சாக்கெட் உண்டு, ரப்பர் மூடி போட்டது. சாவி இல்லாமலும் அதில் கரண்ட் வரும். ஒரு நாள் மதியம் வண்டி வந்து நின்றதும் அந்த மூடிக்குக் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பியை ஒட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் கம்பி அறுந்திருந்தது. வண்டியும் கிளம்பவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது சந்தோஷம். அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மேனேஜர் முன்னால் குணாவைக் கூப்பிட்டோம்.

"வண்டில கை வெச்சியா?" என்று நான்தான் கேட்டேன்.

"போன் சார்ஜ் போட்டேண்ணே," என்றான். மறுக்கக்கூட இல்லை. "கொட்டகையில கரண்ட் கெடையாது. செவ்வா, வியாழன், சனி வீட்டுக்காரிக்கு சுங்கை பட்டாணி டவுன்ல டயாலிசிஸ். முடிஞ்சதும் வேன்காரரு கூப்புடுவாரு. போன் செத்திருந்தா அவ ரோட்டுலயே ஒக்காந்திருப்பா. ஒரு மணி நேரந்தான் போடுவேன்."

"ஒரு மணி நேரம் மட்டுமா?"

"அவ்வளவுதாண்ணே. அதுல பேட்டரி சாகுமா?"

அந்தக் கேள்வியை அவன் என்னிடம்தான் கேட்டான். அந்த அறையில் விடை தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு கைப்பேசி குடிக்கிற கரண்ட் எவ்வளவு, அந்தப் பேட்டரி தாங்குகிற கரண்ட் எவ்வளவு என்பது எனக்கு மனப்பாடம். இரண்டு மூன்று கைப்பேசி போட்டாலும் அது சாகாது. நான் கணக்குப் போடவில்லை. வண்டி செத்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் புரட்டி அவன் சொன்ன கிழமைகளோடு ஒத்துப் பார்த்தேன். பொருந்திய நாட்களை உரக்கப் படித்தேன். பொருந்தாத நாட்கள் வந்தபோது பக்கத்தைத் திருப்பினேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஃபோர்மன், வண்டில கோளாறு இல்லன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

அந்த இடத்தில் உண்மையான பதில் ஒன்று இருந்தது. நான் தேடினேன், இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை என்பது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எத்தனை வருஷ ஃபோர்மன் நான்.

"வண்டில ஒன்னும் இல்ல," என்றேன்.

மேனேஜர் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை, மாற்றம் என்றார். பண்டார் பாரு பக்கம் கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினார். ஆனால் மறுநாள் பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் பெயர் கொடுக்கக் கூடுகிற இடத்தில், வண்டியில் கை வைத்த ஆளை மாற்றியாகிவிட்டது, இனி யாரும் கம்பெனிச் சாமானைத் தொடக்கூடாது என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இல்லாத ஆள் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஒன்பது நாள். ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள் தலையசைத்தார்கள். காண்டீனில் ஒருவர் காபி வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் மிச்சமிருந்த சந்தேகமும் எனக்குப் போய்விட்டது. தப்பான முடிவுக்குச் சில நாள் உலகமே கூட நின்று சாட்சி சொல்லும்.

பத்தாவது நாள் காலை பதினொரு மணி இருக்கும். மேட்டுக்காட்டின் உச்சியில் குலை வெட்டிக்கொண்டிருந்த ரஃபீக் என்ற வங்காளதேசத்துத் தொழிலாளி, மட்டைக்குள் இருந்த குளவிக் கூட்டை அறியாமல் அரிவாளால் இழுத்துவிட்டார். குளவிகள் முகம், கழுத்து, முதுகு எங்கும் கொட்டிவிட்டன. சற்று நேரத்தில் கண் இரண்டும் மூடி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அங்கே போன் லைன் கிடையாது. பரமேஸ்வரி ஐம்பது அடி தள்ளி வண்டியை நிறுத்திவிட்டுக் குலை எண்ணிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வண்டியில் ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

டிக்.

நாலைந்து தடவை அழுத்தினார். பிறகு குலை அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ரஃபீக்கை உட்கார வைத்து, அவரும் இரண்டு ஆட்களும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். சரளைப் பாதை, செங்குத்தான இறக்கம். ஒருவர் முன்னால் நின்று வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தார் ரோட்டுக்கு வந்தபோது குலை லாரி ஒன்று வந்தது. அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்று அங்கே சொன்னார்களாம். ரஃபீக் பிழைத்துக்கொண்டார். நாலு நாளில் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

அன்று மதியமே பரமேஸ்வரி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. சத்தம் போடவில்லை. என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த மேட்டுல குணா இருந்தாரா?"

நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"சாவி என் இடுப்புல. வண்டி என் கண்ணு முன்னால. முக்கால் மணி நேரம் நின்னுச்சு, ஒருத்தரும் கிட்ட போகல. காலையில நல்லா கெளம்பின வண்டி. இப்ப சொல்லுங்க, யாரு பேட்டரிய சாக வெச்சா?"

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். பத்து நாளுக்கு முன்னால் மேனேஜர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

அவர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "இந்த ஒம்பது நாளும் நான் ஆத்தோரத்துச் சமத்தரையிலதான் வேல பாத்தேன். இன்னைக்குத்தான் மறுபடி மேட்டுல ஏறினேன். அத எழுதி வெச்சிருக்கீங்களா உங்க நோட்டுல?"

எழுதி வைத்திருக்கவில்லை. அன்றைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அவருடைய வேலைப் பதிவோடு வைத்துப் பார்த்தேன். வண்டி காலையில் செத்த ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தின நாள் அவர் மேட்டில் ஏறியிருந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. இந்தத் தடவை நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மீட்டரை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டியை நானே மேட்டுக்காட்டில் ஓட்டினேன். தாழ்ந்த கியரில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு மணி நேரத்துக்கு மேல். உச்சியில் அணைத்துவிட்டு, இறங்கின கையோடு மீட்டரை வைத்தேன். சாவி என் கையில் இருந்தது. மீட்டர் கிட்டத்தட்ட நாலு ஆம்பியர் காட்டியது. அணைத்த வண்டியிலிருந்து பேட்டரி அத்தனை வேகமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அங்கேயே கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு, மூன்றரை ஆனது. மூன்று ஆனது. காற்றடிக்க அடிக்க இன்னும் இறங்கியது. வண்டி முழுக்க ஆறியபோது பூஜ்யத்துக்கு வந்து நின்றது. ஒர்க்‌ஷாப்பில் நான் இத்தனை நாளும் பார்த்து நம்பிய அதே பூஜ்யம்.

விஷயம் இதுதான். என்ஜினில் பிறக்கிற கரண்டைப் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றி அனுப்புகிற ரெகுலேட்டர் என்ற சின்ன அலுமினியப் பெட்டி உங்களுக்குத் தெரியும். அதற்குள் கரண்டை ஒரே பக்கமாக விடுகிற கதவு மாதிரி ஒன்று இருக்கிறது. இந்த வண்டியில் சூடு ஏறினால் அந்தக் கதவு சாத்தவில்லை. ஓடும்போது பேட்டரிக்குச் சரியாகப் போகவில்லை, நிறுத்தின பிறகு பேட்டரியிலிருந்து பின்பக்கமாக ஒழுகியது. ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுவிட்டது. நான் சோதித்தது எல்லாம் விடிந்த பிறகு, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை. காய்ச்சல் இறங்கின பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பெட்டி காற்றுபடும்படி முன்பக்கம் இருக்க வேண்டியது. மருந்து தெளிக்கிற பம்பு வைக்க முன்னால் ஒரு கேரியர் வேண்டும் என்று கேட்டபோது, இடம் போதாமல் அதைக் கழற்றி என்ஜின் பக்கத்தில் மாட்டினது நான். அங்கே சேறும் செம்பனை நாரும் அடைத்து, வெந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அது நினைவில்கூட இல்லை. அத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன், என் கை செய்த வேலையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னார்: "ரெகுலேட்டர் மாத்தினதுன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க. குணா அங்கயும் இல்ல, வேலைய விட்டுட்டாரு. இப்ப கெளறி என்ன ஆகப்போவுது?"

பண்டார் பாருவிலிருந்து சுங்கை பட்டாணிக்கு வாரம் மூன்று தடவை மனைவியைக் கொண்டுபோக முடியாமல் குணா ஒரே வாரத்தில் விலகியிருந்தான். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் முடித்து வருகிற அவன் மனைவி அந்தப் படிகளில் எப்படி ஏறுவாள் என்று ஒவ்வொரு படியிலும் யோசித்துக்கொண்டே ஏறினேன்.

குணா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"மன்னிச்சிடு குணா," என்றேன்.

"என்கிட்ட சொல்றீங்க, சரி," என்றான். "என் பேரு இந்த வீட்டுலயா கெட்டுச்சு? பெரட்டுலதானே. அங்க சொல்லுங்கண்ணே."

நாளைக்குக் காலையிலேயே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், மேனேஜரிடம் ரெண்டு நிமிஷம் கேட்டு வாங்கி முன்னால் போய் நின்றேன். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். தமிழில் சொன்னேன், பிறகு எனக்குத் தெரிந்த மலாயில் மறுபடி சொன்னேன். குணா வண்டியைக் கெடுக்கவில்லை. வண்டியில் கோளாறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஒன்றுமில்லை என்று சொன்னது நான். கோளாறு வரும்படி பெட்டியை இடம் மாற்றினதும் நான். இவ்வளவுதான் சொன்னேன். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஃபீக் மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

ஆட்கள் கலைந்தபோதுதான் கவனித்தேன். ரோட்டோரத்தில் செக்யூரிட்டிச் சட்டையோடு குணா தன் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தான். கூலிமில் ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான். பக்கத்தில் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே வேலை எப்படி என்று கேட்டேன்.

"கேட்டுல நிக்கணும். வெளிய போறவங்க பைய செக் பண்ணணும்," என்றான். "நூத்துக்கணக்கான பேரு வருவாங்க. சில பேரப் பாத்தாலே இவன் எடுத்திருப்பான்னு தோணும்."

"தோணினா என்ன செய்வ?"

அவன் ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டினான்.

"பையத் தொறந்து பாப்பேன். பாக்காம ஒருத்தரையும் ஒன்னும் சொல்றதில்லண்ணே."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். நான் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன். அங்கே ஒரு டிராக்டர் எண்ணெய் குடிக்கிறது என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் எண்ணெயைத் திருடுகிறாரோ என்று கொண்டுவந்தவர் என் காதருகில் மெதுவாகச் சொன்னார். நான் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டு, வண்டி என்ன வேலை செய்யும்போது அப்படி ஆகிறது என்று கேட்டேன்.